‘சூழலுக்கு உகந்த’ நாற்காலி: அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

மரச்சாமான் கடைகளில் இப்போது இரண்டு விதப் பேச்சு கேட்கிறது. ‘இது அசல் தேக்கு, பேரன் காலம் வரைக்கும் நிற்கும்’ என்பது ஒன்று. ‘இதில் மரமே இல்லை, ஒரு மரம்கூட வெட்டாமல் செய்தது, முழுக்க எக்கோ ஃப்ரெண்ட்லி’ என்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே கடையில், ஒரே விற்பனையாளர் வாயால் கேட்க முடிகிறது. வாங்க வந்தவருக்கு மரத்தில் செய்ததை வாங்குவது நல்லதா கெட்டதா என்பதே குழம்பிப்போகிறது.

இந்தக் குழப்பம் அரசின் கவனத்துக்கும் வந்திருக்கிறது. ‘பசுமை’, ‘இயற்கை’, ‘சூழலுக்கு உகந்தது’ போன்ற பொதுச் சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஆனால் கடையில் நின்று ஒரு நாற்காலியைத் தட்டிப் பார்ப்பவருக்கு எந்த விளக்கத்தைக் கேட்பது, எந்த ஆதாரத்தை நம்புவது என்று தெரிந்தால்தான் அந்த விதி பயன்படும். அதற்கான அடிப்படைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் நான்கு சொற்கள்

கடைக்காரர்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும் நான்கு சொற்கள் இருக்கின்றன. நான்குக்கும் பொருள் வேறு.

1. இயற்கைப் பொருள்: மரம், மூங்கில், பிரம்பு, கோரை, தென்னை நார், பனை நார் போல உயிருள்ளதிலிருந்து வந்தது. எப்படி விளைந்தது, எங்கே வெட்டப்பட்டது என்பது இந்தச் சொல்லில் இல்லை. திருட்டுத்தனமாகக் காட்டில் வெட்டிய மரமும் இயற்கைப் பொருள்தான்.

2. மறுபயன்பாடு: ஒரு பொருளின் உருவத்தைச் சிதைக்காமல் வேறு வேலைக்கு எடுத்துக்கொள்வது. இடித்த வீட்டின் உத்திரத்தை மேசையாக்குவது இந்த வகை. இதற்கு அறுப்பு, இழைப்பு தவிரப் பெரிய ஆற்றல் செலவு கிடையாது.

3. மறுசுழற்சி: பொருளை நொறுக்கி, உருக்கி, அரைத்து வேறொன்றாக வார்ப்பது. பால் கேன், ஷாம்பு பாட்டில் முதலியவற்றை உருக்கிப் பெஞ்சு செய்வது இந்த வகை. இதில் ஆற்றல் செலவாகும். பெரும்பாலும் தரமும் ஒரு படி இறங்கும்.

4. மட்கும் பொருள்: தூக்கி எறிந்தால் மண்ணோடு மண்ணாகப் போவது. மரம் மட்கும். ஆனால் அதே மரத்தைத் தூளாக்கிச் செயற்கைப் பிசின் கலந்து அழுத்திய பலகையை அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு சாமான் இந்த நான்கில் ஒன்றில் தேறி மற்றதில் தோற்கலாம். ‘மறுசுழற்சி செய்தது, ஆகவே மட்கும்’ என்றோ ‘இயற்கையானது, ஆகவே காட்டுக்குக் கேடில்லை’ என்றோ தாவுவதில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது.

ஒரு நாற்காலியின் கார்பன் கணக்கு

மரம் வளரும்போது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து உடம்பாக்கிக்கொள்கிறது. நன்றாக உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கார்பன். 10 கிலோ எடையுள்ள மர நாற்காலி என்றால் சுமார் 5 கிலோ கார்பன். அது காற்றில் இருந்தபோது சுமார் 18 கிலோ கார்பன் டை ஆக்சைடாக இருந்தது. நாற்காலி நாற்காலியாக இருக்கும்வரை அந்த 18 கிலோ காற்றுக்குத் திரும்பாது. உடைத்து அடுப்பில் வைத்தால் அன்றே திரும்பிவிடும்.

ஆகவே, ‘மரம் வெட்டினால் பாவம்’ என்பது முழு உண்மை இல்லை. வெட்டிய மரம் எத்தனை ஆண்டு உழைக்கிறது, வெட்டிய இடத்தில் எத்தனை ஆண்டில் இன்னொன்று வளர்கிறது என்ற இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வனத்துறைத் தோட்டங்களில் தேக்கு முதிர 50, 60 ஆண்டுகள் ஆகும். அதில் செய்த கட்டிலைப் பத்து ஆண்டில் பழசு என்று தூக்கிப் போட்டால் அந்த மரத்துக்குச் செய்தது அநியாயம். மூங்கில் கழி முதிர 3 முதல் 5 ஆண்டுகள் போதும். அதில் செய்த சாய்வு நாற்காலி பன்னிரண்டு ஆண்டு நின்றால், அது உடைவதற்குள் அதே புதரில் இரண்டு மூன்று தலைமுறைக் கழிகள் வந்துவிடும்.

சாமானின் ஆயுள் மரத்தின் வயதை எட்ட வேண்டும் என்பதைத்தான் நான் அளவுகோலாகக் கொள்கிறேன். பொருளின் பெயரைவிட இந்தக் கால ஒப்பீடு பல உண்மைகளைச் சொல்லிவிடும்.

தேக்கைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தச்சர்கள் மரத்தின் நடுப்பகுதியை ‘வைரம்’ என்பார்கள், சுற்றியுள்ள வெளிர்ப் பகுதியை ‘வெள்ளை’ என்பார்கள். தேக்கின் புகழெல்லாம் வைரத்துக்கு உரியது. கரையான் எளிதில் தொடாததும் அதைத்தான். தோட்டத்தில் 15, 20 ஆண்டில் வெட்டும் இளந்தேக்கில் வெள்ளை அதிகம். அதுவும் தேக்குதான், ஆனால் தாத்தா வீட்டுத் தேக்கின் ஆயுளை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

ரப்பர் மரம்: பால் வற்றிய பிறகு

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ரப்பர் மரங்களை 25, 30 ஆண்டுகள் வரை பால் எடுத்துவிட்டு, வரத்து குறைந்ததும் வெட்டி மறுநடவு செய்வார்கள். மரம் வெட்டப்படுவது பாலுக்கான விவசாயத்தின் ஒரு கட்டமாகத்தான். மரச்சாமானுக்காக யாரும் அதை நட்டதில்லை. முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகுக்கும் சரக்குப் பெட்டிக்கும் போய்விடும். காரணம் எளியது: ரப்பர் மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே பூஞ்சை பிடித்து நீலக்கறை விழும், துளைக்கும் வண்டுகள் ஏறும்.

இந்த நிலையை மாற்றியது ஒரு எளிய வேதியியல். மலேசியா இந்த மரத்தை வைத்து ஒரு பெரிய ஏற்றுமதித் தொழிலையே கட்டியெழுப்பியது. செய்முறை இப்படி:

1. வெட்டிய ஓரிரு நாட்களுக்குள் மரத்தை அறுத்துப் பலகையாக்க வேண்டும். இங்கே தாமதித்தால் பிறகு எதைச் செய்தும் மீட்க முடியாது.

2. பலகைகளை இரும்புக் கலத்துக்குள் அடுக்கி, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, போரிக் அமிலமும் போராக்ஸும் கரைத்த நீரை அழுத்தத்தில் செலுத்துவார்கள். உப்பு மரத்தின் உள்வரை ஏறும்.

3. சூட்டறையில் வைத்து ஈரத்தை அளவாக இறக்குவார்கள். சரியாக உலர்த்தாத ரப்பர் மரம் முறுக்கிக்கொள்ளும்.

4. குறுகிய துண்டுகளை விரல் கோத்தது போன்ற பற்களால் இணைத்து நீளப் பலகையாக்குவார்கள். ரப்பர் மர மேசையில் சிறுசிறு கட்டங்களாகத் தெரிவது இதனால்தான். அது குறையல்ல, துண்டுகூட வீணாகவில்லை என்பதற்கு அடையாளம்.

மரத்துக்குள் ஏற்றிய இந்த உப்பு தண்ணீரில் கரையக்கூடியது. ஆகையால் ரப்பர் மர பெஞ்சை மழையில் போட்டால் பாதுகாப்பு கரைந்து போய்விடும். வீட்டுக்குள் வைத்துக்கொள்ள இதைவிட நியாயமான மரம் நம் பக்கத்தில் இல்லை என்பேன். ஒரு நிபந்தனை உண்டு: காட்டை அழித்துப் புதிதாகப் போட்ட ரப்பர் தோட்டமாக இருந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டம் மரத்தோடு ரப்பரையும் பட்டியலில் சேர்த்தது இந்தக் காரணத்தால்தான். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த பொருளை அங்கே விற்க முடியாது என்பது அதன் சாரம். அமலாக்கம் தள்ளிப்போடப்பட்டாலும், விளைந்த நிலம் எந்த அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கேட்கும் பழக்கம் ஏற்றுமதியாளர்களிடம் வந்துவிட்டது.

இடித்த வீட்டு மரம்

காரைக்குடியில் பழைய பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெருவில் நடந்தால் ஒரு காலத்தின் காடு கண்முன் கிடக்கும். செட்டிநாட்டு வீடுகளுக்காகப் பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண்கள், நிலைகள், கதவுகள் அங்கே விற்பனைக்கு நிற்கின்றன. நூறாண்டு உலர்ந்த மரம் அது. இனி சுருங்குவதும் முறுக்குவதும் மிகக் குறைவு. அதே தரத்தில் புதிதாக வாங்கவேண்டுமென்றால் இன்னொரு முதிர்ந்த மரத்தைச் சாய்க்க வேண்டியிருக்கும்.

வேண்டியது கவனம் மட்டும். பழைய மரத்துக்குள் ஒடிந்த ஆணிகள் புதைந்திருக்கும். அறுவை வாளின் பற்கள் போய்விடும் என்பதால் பல அறுவை ஆலைகள் எடுக்கவே மாட்டா. அதைவிட முக்கியமானது பெயின்ட். வீட்டு பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம்.-க்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) கட்டுப்படுத்திய விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய வண்ணம் பூசிய கதவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஈயத்தூள் பறக்க வாய்ப்புண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்யவே கூடாது. ஈரப்படுத்திச் சுரண்டுவது, முகக்கவசம் அணிவது, தூளைத் துடைத்து எடுப்பது ஆகியவற்றைத் தச்சரிடம் வற்புறுத்திச் சொல்ல வேண்டும்.

மூங்கிலும் பிரம்பும்

மூங்கில் தாவரவியலில் புல். ஆனால் 1927-ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டம் அதை மரமென்றே வைத்திருந்தது. சொந்த நிலத்தில் வளர்த்த மூங்கிலை வெட்டி எடுத்துப் போகவும் பல இடங்களில் அனுமதிச்சீட்டு வேண்டியிருந்தது. 2017 நவம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கில் மரம் என்ற வரையறையிலிருந்து நீக்கப்பட்டது. மூங்கிலிலும் மாவுச்சத்து இருப்பதால் வண்டு துளைக்கும். தேய்பிறையில் வெட்டுவது, ஓடும் நீரில் ஊறப்போடுவது என்று பழைய வழிகள் உண்டு. இப்போது அதே போராக்ஸ் கரைசல்தான். பிரம்பு நிலை வேறு: அது காட்டு மரங்களைப் பற்றி ஏறும் கொடி, காடு போனால் பிரம்பும் போகும். அதன் தட்டுப்பாடுதான் அடுத்த கதைக்கு வழிவிட்டது.

வேண்டாத செடியிலிருந்து வேண்டிய சாமான்

உண்ணிச்செடியைப் பார்க்காத தமிழர் குறைவு. மலையேறும் பாதையோரமெல்லாம் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கொத்துக்கொத்தாய்ப் பூக்கும் அதன் ஊர் வெப்பமண்டல அமெரிக்கா. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் அழகுச் செடியாகக் கல்கத்தாத் தாவரவியல் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியாவின் புலிகள் வாழும் காடுகளில் 40 சதவீதத்துக்கு மேல், அதாவது 1,54,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் இந்தச் செடி ஊடுருவியிருப்பதாகக் கணக்கிட்டது. இலை நஞ்சு என்பதால் மான்களும் மாடுகளும் பெரும்பாலும் தொடுவதில்லை. அதன் அடர்த்திக்குக் கீழே புல் வளர்வதில்லை. புல் போனால் மேய்வன போகும், மேய்வன ஊருக்குள் வரும்.

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் வாழும் சோளிகர் மக்கள் பிரம்பு, மூங்கில் வேலையில் தேர்ந்தவர்கள். அந்த இரண்டும் கிடைப்பது அரிதானபோது, சூழலியல் ஆய்வு நிறுவனமான ஏட்ரீயுடன் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் உண்ணிச்செடியில் நாற்காலியும் மேசையும் செய்யத் தொடங்கினார்கள். குச்சிகளை வெட்டி, பெரிய தொட்டியில் தண்ணீர் விட்டு வேகவைப்பார்கள். வெந்ததும் தோல் உரிந்து வரும், குச்சி சூட்டோடு வளையும். ஆறினால் வளைத்த வடிவத்திலேயே நின்றுவிடும். பிரம்புக்குப் பக்கத்தில் வைத்தால் பழகாத கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கூடலூர்ப் பகுதியில் பெட்ட குறும்பர், பணியர், காட்டுநாயக்கர், சோளிகர் ஆகிய பழங்குடியினர் இதே குச்சியில் ஆளுயரத்தைத் தாண்டிய யானைகளைச் செய்தார்கள். அவை 2021-இல் லண்டன் பூங்காக்களிலும் 2024 முதல் அமெரிக்க நகரங்களிலும் நின்றன.

இதில் எனக்கு முழு மனநிறைவு உண்டு, ஒரு கவலையும் உண்டு. வாங்கும் ஒவ்வொரு நாற்காலியும் காட்டை மீட்கிறது என்று விளம்பரம் சொல்வது அளவை மறைக்கிறது. ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டரில் பரவிய செடியை நாற்காலி செய்து தீர்க்க முடியாது. அதோடு, மேலே வெட்டினால் உண்ணி மறுபடி துளிர்க்கும். வேர்க்கட்டையோடு எடுக்க வேண்டும், எடுத்த இடத்தில் உள்ளூர்ப் புல்லை விதைத்துக் காக்க வேண்டும், பறவைகள் விதை போட்டு முளைக்கும் கன்றுகளை அடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டும். அந்த வேலைக்குக் கூலி சாமான் விற்பனையிலிருந்து வராது. அரசுதான் தர வேண்டும். நாற்காலி தருவது வேறு வகை நன்மை: வெட்டிக் கொளுத்தப்படும் குச்சிக்கு ஒரு விலை, காட்டைத் தெரிந்த மக்களுக்கு அவர்களுடைய கைத்திறனுக்கேற்ற கூலி. அந்த நன்மை பெரிது. அதைச் சரியான பெயரில் சொன்னாலே போதும்.

தமிழ்நாட்டின் சமவெளியில் இதே கேள்வி சீமைக்கருவேலத்தில் நிற்கிறது. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பகுதிகளில் வெட்டிய சீமைக்கருவேலம் பெரும்பாலும் மூட்டம் போட்டுக் கரியாகிறது. கரி எரிந்த அன்றே கார்பன் காற்றுக்குப் போய்விடுகிறது. அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரம் அமெரிக்காவின் டெக்சாஸில் உயர்ந்த விலைக்குப் போகும் மரச்சாமான் மரம். உலரும்போது மிகக் குறைவாகவே சுருங்கும் என்பதால் மேசைப் பலகைக்கு விரும்பி வாங்குகிறார்கள். நம் சீமைக்கருவேலமும் கெட்டியான மரம்தான். தடை என்னவென்றால், அது கோணல்மாணலாக, பல தண்டுகளாக, புதராக வளர்கிறது. நீளமான நேர்ப்பலகை கிடைக்காது. ரப்பர் மரத்துக்குச் செய்வதுபோலக் குறுந்துண்டுகளைப் பல்லிணைப்பால் கோக்கும் சிற்றாலைகள் முதுகுளத்தூர், கமுதி பக்கம் வந்தால், மூட்டத்துக்குப் போகும் அடித்தண்டில் ஒரு பங்கு தரைப்பலகையாகவும் முக்காலியாகவும் மாற முடியும். நுனிக் கிளைகள் கரிக்குத்தான் போகும். அந்தப் பகுதி மக்களின் பிழைப்பு கரியில் இருக்கிறது என்பதை மறந்து யாரும் திட்டம் போடக் கூடாது.

பலகைகள்: பசையில் ஒளிந்திருக்கும் கேள்வி

எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திய பலகை), பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திய பலகை), பிளைவுட் (மெல்லிய மரத்தாள்களை ஒட்டிய பலகை) மூன்றும் ஒரு விதத்தில் சிக்கனமானவை. மரத்தூள், சக்கை, தைலமரம், மலைவேம்பு என்று விரைவில் வளர்வதையும் வீணாவதையும் பயன்படுத்துகின்றன. சிக்கல் ஒட்டும் பிசினில். மலிவான பலகைகளில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசின் இருக்கும். அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு வாயு மெல்ல மெல்லக் கசியும்; சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். சென்னைக் கோடையில் சன்னலை அடைத்த அறையை நினைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. ‘இ1’ என்று முத்திரையிட்ட பலகையில் கசிவு வரம்புக்குள் இருக்கும். முத்திரை எதுவும் இல்லாத பலகையைக் குழந்தைகள் தூங்கும் அறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

‘மரமே இல்லை’ என்று விற்கும் டபிள்யூ.பி.சி. பலகையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பெயரின்படி அது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. நம் சந்தையில் அந்தப் பெயரில் கிடைப்பவற்றில் பல, அடிப்படையில் பி.வி.சி. நுரைப் பலகைகள். கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊதாது. சமையலறைத் தொட்டிக்கடியிலும் குளியலறைக் கதவிலும் அதற்கு இடம் உண்டு. ஆனால் பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். குப்பைமேட்டில் எரிந்தால் அமிலப்புகையும் டையாக்சின் என்ற கொடிய நஞ்சும் வரும். மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தபின் இரண்டையும் பிரிப்பதும் கடினம். புதிய பிளாஸ்டிக்கில் செய்த பலகையை ‘மரத்தைக் காப்பாற்றியது’ என்று விற்பதை நான் ஏற்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒன்று ஜூஸ் அட்டைப்பெட்டிப் பலகை. அந்தப் பெட்டியில் முக்கால் பங்குக்கு அருகில் அட்டை. மீதி பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக்கும் மெல்லிய அலுமினியத் தகடும். துண்டாக்கிச் சூட்டில் அழுத்தினால் பாலிஎத்திலீன் உருகித் தானே பசையாகிவிடும். வெளியிலிருந்து பிசின் தேவையில்லை. பள்ளிக்கூட மேசை, பெஞ்சுகள் இப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. வேறு வழியில் பிரிக்கக் கடினமான குப்பை ஒன்று பல ஆண்டு உழைக்கும் பொருளாவதால், மறுசுழற்சி என்ற சொல்லுக்கு இது தகுதியானது.

எல்லாம் சேரும் இடம்: மூட்டு

நல்ல மரத்தில் மோசமான மூட்டு வைத்தால் சாமான் மூன்றாண்டில் ஆடும். ஒரு மரத்தின் முனையை முளைபோலச் செதுக்கி இன்னொன்றின் துளைக்குள் இறக்கும் பழைய இணைப்பைக் கழற்றலாம், இறுக்கலாம், கால் ஒடிந்தால் அந்தக் காலை மட்டும் மாற்றலாம். பார்ட்டிகிள் போர்டில் திருகாணி பிடித்திருப்பது வெறும் தூளை. ஒரு வீடு மாறும்போது கழற்றி மாட்டினால் துளை தளர்ந்துவிடும், அதன்பின் பிடிப்பு வராது.

பனைநார்க் கட்டில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சட்டம் மரம், பின்னல் நார். தேய்வது நார் மட்டும். தொய்ந்தால் இழுத்துக் கட்டுவார்கள், அறுந்தால் நாரை மட்டும் மாற்றுவார்கள், சட்டம் அடுத்த தலைமுறைக்கும் அப்படியே நிற்கும். கழித்த நார் எருக்குழிக்குப் போகும். விரைவில் தேயும் பகுதியையும் நீண்டு நிற்கும் பகுதியையும் பிரித்து வைத்த அந்த அமைப்பை இன்றைய வடிவமைப்பாளர்கள் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கடையில் கேட்க வேண்டியவை

1. எந்த மரம், எந்த ஊர்? ‘காட்டு மரம்’, ‘இம்போர்ட்டட்’ என்ற பதில் பதிலாகாது.

2. பொறுப்போடு பராமரித்த காட்டின் மரம் என்று சான்று தரும் எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் எந்த வகை? 1993-இல் தொடங்கிய இந்தச் சான்றில் மூன்று உண்டு: ‘100%’ என்றால் முழுவதும் சான்று பெற்ற காட்டிலிருந்து, ‘ரீசைக்கிள்டு’ என்றால் மறுசுழற்சிப் பொருள், ‘மிக்ஸ்’ என்றால் கலவை, அதில் சான்று பெறாத ஆனால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மரமும் இருக்கலாம். முத்திரையோடு வரும் உரிம எண்ணை அந்த அமைப்பின் தளத்தில் சரிபார்க்க முடியும்.

3. ‘மறுசுழற்சி’ என்றால் எத்தனை சதவீதம், எதிலிருந்து? ஆலைக்குள்ளேயே விழுந்த வெட்டுத்துண்டை மீண்டும் சேர்த்ததா, வீடுகளில் பயன்படுத்தித் தூக்கிப் போட்டதைச் சேகரித்ததா? குப்பையைக் குறைப்பது இரண்டாவதுதான்.

4. பலகையின் மேல் கசிவுத் தர முத்திரை எங்கே இருக்கிறது? மேல்தாள் ஒட்டாத ஓரத்தைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே என்ன பலகை என்பது ஓரத்தில் தெரியும்.

5. கால் ஒடிந்தால் கால் மட்டும் கிடைக்குமா? தெருமுனைத் தச்சர் இதைக் கழற்றிச் சேர்க்க முடியுமா? முதல் நான்குக்கும் அருமையாகப் பதில் வந்து இதற்கு மட்டும் ‘அதெல்லாம் உடையாது’ என்று பதில் வந்தால், அடுத்த கடையைப் பார்க்கலாம்.